பழைய சீ-டூ இழுக்கவில்லையா? இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்டாரியோவில் ஏரிப் பனி கரைந்து டிரெய்லர்கள் வெளியே வந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, போன வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ பாதி த்ராட்டிலில் திக்குது." சிம்கோ ஏரிக்கரையில் நண்பர்களின் பழைய சீ-டூக்களை, அதாவது தண்ணீரில் ஓட்டும் வாட்டர் ஸ்கூட்டர்களை, பிரித்து மாட்டியே பல கோடைகளைக் கழித்தவன் நான். வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

1990களில் வந்த சீ-டூ வண்டிகளுக்கு. அதாவது கார்புரேட்டரும் இரண்டு சிலிண்டரும் உள்ள டூ ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் எஞ்சின்கள்: 587, 657, 717, 787. 1998இல் வந்த 951க்கும் பெரும்பகுதி பொருந்தும்; ஆனால் அதில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் வழியைச் சுற்றித் திறந்து மூடும் ரோட்டரி வால்வு கிடையாது, மெல்லிய இதழ்களால் ஆன ரீட் வால்வுதான். எல்லோரும் பொதுவாக "ஜெட் ஸ்கீ" என்று சொல்கிறோம், அந்தப் பெயர் கவாஸாகியுடையது. சீ-டூ கியூபெக்கில் வால்கூர் ஊரின் பொம்பார்டியர் செய்தது. 1968இல் ஒருமுறை வந்து காணாமல் போய், 1988இல் திரும்பி வந்தது. எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். என்னிடம் இருப்பது 1997 ஜிடிஎக்ஸ், 787 எஞ்சின், 110 குதிரைசக்தி. எதாவது எண் சொன்னால் பெரும்பாலும் இந்த எஞ்சினை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

வண்டி திடீரென்று இழுக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

த்ராட்டிலை விடுங்கள். மெதுவாகக் கரைக்கு வாருங்கள், முடிந்தால் யாரையாவது கயிறு கட்டி இழுத்துவரச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காரணம் இதுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் எரிவதோடு அதன் வேலை முடிவதில்லை. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறை வழியாக உள்ளே போகும்போது ஆவியாகி பிஸ்டனையும் குளிர வைக்கிறது, ஆயிலை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்துவிடும். சூடு ஏறும், அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரியும், ஆயில் படலம் கிழியும், பிஸ்டன் சுவரில் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்கள் "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். திக்குகிற வண்டியை "இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும்" என்று முறுக்குகிறோமே, எஞ்சின் போவது அந்த நிமிடத்தில்தான்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஜிடிஎக்ஸை வாங்கிய முதல் கோடை, இரண்டாவது தடவை ஏரியில் இறக்கியபோது நடு வேகத்தில் ஒரு தயக்கம். கரை இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான், மேகம் கருத்துக்கொண்டு வந்தது. முழு த்ராட்டில் கொடுத்தேன். ஒரு நிமிடம் நன்றாகப் பறந்தது, அப்புறம் யாரோ பிரேக் போட்டதுபோல் நின்றுவிட்டது. பின் சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் நகத்தால் கீறியதுபோல் நீளக் கோடுகள், சிலிண்டர் சுவரில் அப்பிய அலுமினியப் பூச்சு. பெட்ரோல் பாதையில் இருந்த அடைப்பு சுண்டுவிரல் நகம் அளவு கூட இருக்காது.

சரி, கரைக்கு வந்தாயிற்று. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்), ஸ்பார்க், பெட்ரோல். இந்த வரிசையில்தான். நிறைய பேர் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் ஆரம்பிக்கிறார்கள். எஞ்சின் ஏற்கெனவே அடிபட்டிருந்தால் கார்புரேட்டரில் செலவழித்த வார இறுதிகள் எல்லாம் வீண். ஸீட்டைத் திறந்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்; உள்ளே பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கும். மூக்கில் வாசனை அடித்தால் பேட்டரி பக்கமே கை வைக்க வேண்டாம்.

கம்ப்ரஷன் எப்படிப் பார்ப்பது? எவ்வளவு வர வேண்டும்?

கடையில் திருகி மாட்டும் வகை கம்ப்ரஷன் கேஜ் கிடைக்கும். ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையை நம்பாதீர்கள். இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் வயர்கள் இரண்டையும் மின் பெட்டியின் மேல் அதற்கென்றே இருக்கும் இரண்டு உலோக முளைகளில் மாட்டிவிடுங்கள். வயரைச் சும்மா தொங்கவிட்டால் மின் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கெடலாம். தவிர, பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறப்பது நல்லதல்ல. த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்.

நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் 150 பிஎஸ்ஐ அக்கம்பக்கம் காட்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டும். 120க்குக் கீழே வந்தால் கார்புரேட்டரை மறந்துவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள். கேஜுக்குக் கேஜ் எண் கொஞ்சம் மாறும் என்பதால் நான் மொத்த எண்ணைவிட இரண்டும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். 150, 148 என்று வந்தால் நிம்மதி. 150, 115 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ போய்விட்டது என்று அர்த்தம்.

டிரெய்லரில் வைத்து ஓட்டினால் அருமையாக ஓடுகிறது, தண்ணீரில் இறங்கினால்தான் திக்குகிறது. எப்படி?

தண்ணீரைப் பின்னால் தள்ளி வண்டியை நகர்த்தும் பம்ப் டிரெய்லரில் காற்றைத்தான் தள்ளுகிறது, எஞ்சினுக்குச் சுமையே இல்லை. கால்வாசி அடைத்த கார்புரேட்டர் கூட அங்கே போதும். தண்ணீரில் முழுச் சுமை விழும்போதுதான் எவ்வளவு பெட்ரோல் குறைகிறது என்று தெரியும். ஆகவே டிரெய்லரில் நன்றாக ஓடுவதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஏரியில் ஒரு எளிய சோதனை செய்யலாம். கரையோரமாக, மெதுவான வேகத்தில், திக்கும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். எஞ்சின் உயிர் வந்து பிடித்துக்கொண்டால் பெட்ரோல் பற்றவில்லை. இன்னும் மோசமாகி அணைந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இரண்டு விநாடிச் சோதனைதான். அதற்காக சோக்கை இழுத்தபடியே வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள்.

சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பழைய சீ-டூவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல நேரம் இருந்தால் இதைத்தான் சொல்வேன். 1990களின் நடுப்பகுதி வண்டிகளில் தொழிற்சாலையிலேயே சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் போட்டிருந்தார்கள். டெம்போ குழாய் என்று பெயர் சொல்வார்கள். வருஷங்கள் போகப் போக அந்தக் குழாயின் உட்சுவர் பெட்ரோலில் கரைந்து பச்சை நிறப் பிசினாக மாறுகிறது. குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு முனையைக் கழற்றி, உள்ளே பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்துப் பாருங்கள். பச்சையாக, விளக்கெண்ணெய்போல் கையில் ஒட்டினால் போதும், வேறு சோதனையே தேவையில்லை.

அந்தப் பிசின் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் முக்கியம். இந்த வண்டிகளில் மிக்கூனி கார்புரேட்டர். பெட்ரோல் பம்பும் அதிலேயே இருக்கிறது. அதற்குள் மிக நுண்ணிய ஒரு வலை வடிகட்டி, சட்டைப் பித்தானைவிடச் சிறியது. வெளியே தனியாக இருக்கும் பெரிய பெட்ரோல் வடிகட்டியைத் திறந்து பார்த்து "சுத்தமா இருக்கே" என்று மூடிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெரிய வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலும் சாம்பல் குழாய் இருக்கிறது. அங்கே உதிரும் பிசினைப் பிடிக்க அந்தச் சிறிய வலையைத் தவிர வேறொன்றும் இல்லை. என் வண்டியில் அந்த வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் வெளிச்சம் தெரிந்தது. மீதி முழுக்கப் பச்சை மெழுகு. மெதுவாகப் போக அந்தப் பிறை போதும். முழு த்ராட்டிலுக்குப் போதாது.

ஆகவே பழைய வண்டி வாங்கினால், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு சாம்பல் குழாய் இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டேங்கிலிருந்து வால்வுக்கு, வால்வு முதல் வடிகட்டி, வடிகட்டி முதல் கார்புரேட்டர், கார்புரேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய், எல்லாம். கார் கடையில் கிடைக்கும் நல்ல கால் அங்குலக் கறுப்பு ரப்பர் பெட்ரோல் குழாய் போதும். மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி உடனே மாட்டுங்கள், இல்லாவிட்டால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் குழாயையும் உள்ளே வரும் குழாயையும் மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

குழாய் எல்லாம் மாற்றிவிட்டேன். இன்னும் திக்குகிறதே?

குழாயை மாற்றினால் புதுப் பிசின் வராது. பழைய பிசின் கார்புரேட்டருக்குள் அப்படியேதான் இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றித் திறந்து சுத்தம் செய்யாமல் இந்த வேலை முடியாது. டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவங்கள் இந்தப் பிசினை ஒன்றும் செய்யாது.

இரண்டு கார்புரேட்டரையும் வெளியே எடுங்கள். வலையையும், பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான ஜெட்களையும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கழுவுங்கள், சின்னச் சின்ன வழிகளில் காற்று அடித்து எல்லாம் திறந்திருக்கிறதா பாருங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள். ஜெட் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கணக்கு மாறிவிடும். டயாஃப்ரம், கேஸ்கெட், நீடில், ஸீட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இங்கே மட்டும் காசு பார்க்காமல் அசல் மிக்கூனி கிட் வாங்குங்கள். மலிவான கிட்களில் டயாஃப்ரத்தின் விறைப்பும் நீடில் உட்காரும் விதமும் வேறாக இருந்து, சுத்தம் செய்வதற்கு முன்பைவிட வண்டி மோசமானதைப் பார்த்திருக்கிறேன்.

ஆன், ஆஃப், ரிஸர்வ் என்று திருப்பும் பெட்ரோல் வால்வையும் சந்தேகப்படுங்கள். அதற்குள்ளும் அதே பிசின் படியும். வண்டி ஆனில் திக்கி, ரிஸர்வில் நன்றாக ஓடினால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னாலேயே இருக்கிறது. அதன் விலைக்கு அதைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது நேர விரயம், புதிது போடுங்கள். பெரிய வடிகட்டியின் கிண்ணத்து ஓ-ரிங் காய்ந்திருந்தால் அங்கே பெட்ரோல் ஒழுகாது, ஆனால் காற்றை உறிஞ்சும். அதையும் மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டரின் லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி செய்ய முடியாதா?

முடியாது. போன வருஷம் நன்றாக ஓடிய வண்டியின் ஸ்க்ரூ குளிர்காலத்தில் தானாகத் திரும்பாது. வேறெங்கோ அடைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பினால் இரண்டு கோளாறு ஆகிவிடும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை சுற்று என்று எழுதியிருக்கிறதோ அங்கே வையுங்கள். கழற்றும் முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் மெல்ல மெல்ல இறங்கி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது?

டேங்குக்குக் காற்று போகவில்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வென்ட் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் பம்பால் உறிஞ்ச முடியாமல் போகும். நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சின்ன வால்வுதான், திசை பார்த்து மாட்டுங்கள்.

கீழே நல்ல இழுவை. ஆனால் 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது?

787, 951 எஞ்சின் என்றால் முதலில் ரேவ் வால்வைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை மாற்றும் தகடு அது. கீழ் வேகத்தில் இறங்கி நிற்கும், வேகம் ஏறியதும் எக்ஸாஸ்ட் அழுத்தமே ஒரு ரப்பர் பெல்லோஸைத் தள்ளித் தகட்டை மேலே தூக்கும். நல்ல 787 முழு த்ராட்டிலில் 7,000 ஆர்பிஎம்மை நெருங்கும். தகடு தூக்காவிட்டால் ஆயிரம் ஆர்பிஎம் காணாமல் போய்விடும்.

தூக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கரி படிந்து தகடு அதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்வது. இன்னொன்று, பெல்லோஸில் ஓட்டை. கழற்றியதும் பெல்லோஸை விரலால் இழுத்து மடிப்புகளுக்குள் பாருங்கள். ஊசி முனை அளவு துளை போதும். தகட்டைக் கழுவி, கரியை மரக்குச்சியால் சுரண்டி, அதே திசையில் மாட்டுங்கள். மேலே இருக்கும் சிவப்பு மூடியின் ஸ்க்ரூ மூடியோடு சமமாக இருக்கட்டும். அரை மணி நேர வேலை. வருஷத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். 717, 657, 587 எஞ்சின்களில் இது இல்லை. உங்களுடையது அவற்றில் ஒன்று என்றால் பெட்ரோல் பாதைக்கே திரும்பிப் போங்கள்.

ஆர்பிஎம் ஏறுகிறது, சத்தமும் வருகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது?

இது எஞ்சின் கோளாறே இல்லை, பம்ப். சாவியைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் இருக்கும் கம்பி வலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பாசி, நீர்ச்செடி, கயிறு, ஒருமுறை ஒரு குழந்தையின் நீச்சல் கண்ணாடிப் பட்டை. அது இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளிச் சுழலும் இம்பெல்லரைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் வளையம், வேர் ரிங். மணலும் கூழாங்கல்லும் போனால் இம்பெல்லர் தேயாமல் இந்த வளையம் தேய வேண்டும் என்பதற்காகவே பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். இம்பெல்லர் முனைக்கும் வளையத்துக்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எதுவும் நுழைந்தால் வளையத்தை மாற்றுங்கள். இரண்டடி ஆழத்தில் நின்றுகொண்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள். இடுப்பளவுத் தண்ணீருக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்வதுபோல் இருக்கிறது. பிளக்கில் என்ன பார்க்க வேண்டும்?

புது பிளக் போட்டுப் பாருங்கள், அதுதான் மலிவான சோதனை. என்ஜிகே பிஆர்8இஎஸ், இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பழைய பிளக்கைத் தூக்கி எறியும் முன் படியுங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை. வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இருந்தால், அதிலும் பீங்கானில் மிளகுத் தூள்போல் சின்னச் சின்னப் பளபளப்பான புள்ளிகள் இருந்தால், உடனே நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

ஸ்பார்க் விட்டுவிட்டு வந்தால் பிளக் மூடியைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகி மாட்டுங்கள். ஈரத்தில் பச்சை பூத்த நுனிதான் பாதிக் கோளாறுக்குக் காரணம். பேட்டரியையும் மறக்க வேண்டாம். பட்டனை அழுத்தும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் வேறெதையும் ஆராய வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி புதிது, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் தரைக் கேபிள் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

குளிர்காலத்துக்கு அப்புறம் ஸ்டார்ட் செய்தால் ஊரே மறையும் அளவுக்குப் புகை. வண்டி போய்விட்டதா?

முதல் சில நிமிடம் புகை வந்து அடங்கினால் பயம் இல்லை. ஓயாமல் வந்தால், ஆயில் டேங்க் அளவு நிறுத்தி வைத்த காலத்திலேயே இறங்கியிருந்தால், ரோட்டரி வால்வின் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். 587 முதல் 787 வரை கிராங்க்கிலிருந்து ஒரு பித்தளைப் பல்சக்கரம் ரோட்டரி வால்வைச் சுற்றுகிறது. அந்த அறை எப்போதும் ஆயிலில் மூழ்கியிருக்கும். ஆயில் டேங்கிலிருந்தே குழாய் வருகிறது. சீல் தேய்ந்தால் அந்த ஆயில் மாதக்கணக்கில் கசிந்து கிராங்க்கேஸில் தேங்கும். அந்த நிலையில் அப்படியே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கனெக்டிங் ராட் வளையும் அபாயம் உண்டு. சந்தேகம் இருந்தால் பிளக்குகளைக் கழற்றி, வயர்களை முளையில் மாட்டி, மேலே துணி போட்டுச் சுற்றுங்கள். ஆயில் பீய்ச்சி வந்தால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

என்ன ஆயில் ஊற்றுவது? பெட்ரோலிலேயே கலந்துவிடலாமா?

ரேவ் வால்வு உள்ள எஞ்சினுக்கு ஏபிஐ டிசி தரத்தில், சாம்பல் குறைவாக விடும் டூ ஸ்ட்ரோக் ஆயில். அவுட்போர்டு எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் வேறு ரகம். அந்த எஞ்சின்கள் இதைவிடக் குறைந்த சூட்டில் ஓடுபவை. ரேவ் வால்வில் அது பிசுபிசுப்பாகப் படிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, ஊர் பங்க்கில் ஸ்கூட்டருக்குக் கலந்ததுபோல் பெட்ரோலிலேயே கலக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஆயில் பம்ப் நம்பகமானது. கெடுவது அதிலிருந்து போகும் மெல்லிய குழாய்களும் டேங்குக்கு அடியில் இருக்கும் சின்ன ஆயில் வடிகட்டியும்தான். அவற்றை மாற்றி, குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் வெளியேற்றி, பம்ப் நெம்புகோலின் கோடும் உடலில் உள்ள கோடும் ஒன்றுசேர கேபிளைச் சரி செய்தால் போதும். ஆயில் எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறது என்று உறுதியாகும்வரை முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்துகொள்ளுங்கள்.

த்ராட்டிலை விட்டாலும் எஞ்சின் உடனே இறங்காமல் உயரவே சுற்றுகிறது. கேபிளா?

கேபிள் சிக்கவில்லை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இன்டேக் மேனிஃபோல்டின் ஓ-ரிங், கார்புரேட்டர் கேஸ்கெட், இல்லாவிட்டால் கிராங்க் சீல். காற்று கூடினால் கலவை மெலியும். மேலே சொன்ன அதே ஆபத்து. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, கைப்பம்பால் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். பெரிய கம்ப்ரஸர் வேண்டாம், சீலைக் கிழித்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பீப் சத்தம் நிற்காமல் வருகிறது?

சாவி மாட்டும்போது வரும் இரண்டு குட்டிப் பீப் நல்ல செய்தி. ஓடும்போது விடாமல் கத்தினால் எஞ்சின் சூடாகிவிட்டது, அணையுங்கள். இந்த வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. பம்ப் தள்ளும் ஏரித் தண்ணீரில் ஒரு பங்குதான் எஞ்சினைக் குளிர வைக்கிறது. வலையில் பாசி அடைத்திருந்தாலும், தண்ணீர் ஏறும் சின்னத் துளையில் மணல் இருந்தாலும் வரத்து குறையும். பின்பக்கம் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

வீட்டில் குழாய் மாட்டிக் கழுவும்போது வரிசை முக்கியம். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் தண்ணீரைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடுங்கள், அப்புறம் எஞ்சினை அணையுங்கள். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். நன்றாக இருந்த எஞ்சினில் ஒரே ராத்திரியில் துரு பிடித்த கதைகள் இப்படித்தான் நடக்கின்றன.

கவிழ்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. எவ்வளவு நேரம் இருக்கிறது?

அன்றைக்கே செய்ய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கிராங்க் பேரிங் துருப் பிடித்துவிடும். பிளக்கைக் கழற்றி, வயர்களை முளையில் மாட்டி, தண்ணீர் வருவது நிற்கும்வரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். புது பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஏரியில் ஒரு பத்து நிமிடமாவது ஓட்டி உள்ளே காய வையுங்கள். கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கம் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தப்பான பக்கம் புரட்டினால் எக்ஸாஸ்டில் நின்ற தண்ணீர் எஞ்சினுக்குள் வரும்.

எஞ்சின் பிடித்துவிட்டது. இத்தனை வருஷ வண்டிக்குச் செலவு செய்வது சரியா?

கிராங்க் நன்றாக இருந்தால் சரி என்பேன். 717, 787 இரண்டுக்கும் சிலிண்டர் போர் 82 மில்லிமீட்டர். லேசான கீறல் என்றால் 0.25 மில்லிமீட்டர் பெரிதாகப் போர் போட்டு, அதற்கேற்ற பிஸ்டன், ரிங், கேஸ்கெட் போட்டால் எஞ்சின் இன்னொரு பத்து கோடை ஓடும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, கிராங்க்கைக் கையால் சுற்றும்போது கரகரத்தாலோ கணக்கு வேறு. அப்போது முழு எஞ்சினாக மாற்றுவதுதான் மலிவு.

ஆனால் எதனால் பிடித்தது என்று தெரியாமல் புது பிஸ்டன் போடாதீர்கள். சாம்பல் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டு, ஒரே மாதத்தில் அதே சிலிண்டரோடு திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இன்னொன்று, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றும் பாருங்கள். கலிபோர்னியா நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரியில் 1999 முதலே கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இடமில்லை. எரியாத பெட்ரோலும் ஆயிலும் தண்ணீரில் கலக்கிறது என்பது உண்மைதான். குழாய் மாற்றும்போது சிந்தும் பெட்ரோலையாவது கேனில் பிடித்து, ஹல்லுக்குள் தேங்கியதைத் துடைத்தெடுத்துவிட்டு வண்டியைத் தண்ணீரில் இறக்குங்கள்.

குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் என்ன செய்ய வேண்டும்?

எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கெடும். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைஸர் ஊற்றி, அந்தக் கலவை கார்புரேட்டர் வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒன்டாரியோ குளிரில் ஒரு கைப்பிடித் தண்ணீர் உறைந்தாலும் வார்ப்பு விரிசல் விடும். கார்புரேட்டர் வாயில், உள்ளே துருப் பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, பிளக் துளைகளிலும் அடித்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். ஆயில் டேங்கின் அளவை ஒரு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். மே மாதம் ஸீட்டைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். ஆயில் அதே இடத்தில் நின்றால் சீல் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட் செய்யலாம்.